எல்லைப்புற ஊர்களில் வரலாற்று ஆண்டு விழாக்கள்

1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் உருவாயிற்று. ஆண்டுதோறும் அந்நாள் அம்மாநிலத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலும், இடுக்கி மாவட்டத்து மலைமேல் உள்ள தேவிகுளத்திலும் அந்நாள் வரத்தான் செய்கிறது. ஆனால் அவ்வூர்களில் அந்த நாளுக்குப் பின்னால் நிற்கும் வரலாறு ஒன்றன்று. பாலக்காட்டு நகரம் அதற்கு முந்திய நாள் வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு அண்மையிலேயே உள்ள சித்தூர், கொச்சி அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இணைந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தமிழ் பேசும் மக்கள் மிகுந்த அவ்விரு வட்டங்களையும் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் பல்லாண்டு போராடியது. தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன, செங்கோட்டையும் வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை.

ஆக, ஒரே நாள் ஒருவருக்கு மாநிலம் பிறந்த நாள். மற்றொருவருக்கு உறவூர் வேற்று மாநிலமாகிய நாள். மலைத்தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூன்றாமவருக்கோ அது கூலிக் கணக்கில் மற்றுமொரு நாள். தமிழ்நாட்டிலும் அந்நாள் எல்லைப் போராட்டத் தியாகிகளின் நினைவோடு சேர்ந்தே எண்ணப்படுகிறது. இத்தகைய இடத்தில் பொன்விழா, வைரவிழா, நூற்றாண்டு விழா போன்றவற்றை எடுப்போர் எவ்வாறு திட்டமிட வேண்டும்? ஊராட்சி உறுப்பினர், ஆசிரியர், வாசகசாலைப் பணியாளர், மகளிர் குழுவினர் ஆகியோர் இவ்வினாவை ஒருமுறையேனும் எதிர்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்ற கருத்தில், அறிந்த சில நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, தலைமையுரை ஆகியவற்றைப் பற்றி இங்குப் பேசப் போவதில்லை. அவற்றைச் செய்யத் தெரியாதவர் நம் நாட்டில் எவரும் இலர். கடினமானது அதற்கு முந்திய படி. கொண்டாடப்படும் நிகழ்ச்சி யாருடையது என்று கண்டறிவதே அப்படி.

இடுக்கி அணையும் அதன் உரிமையாளர்களும்

இடுக்கி அணையை எடுத்துக்கொள்வோம். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாற்றின் குறுக்கே வளைவு வடிவில் எழுப்பப்பட்ட இவ்வணையின் உயரம் ஏறத்தாழ 169 மீட்டர். செறுதோணி, குளமாவு அணைகளும் சேர்ந்து ஒரே நீர்த்தேக்கத்தை உருவாக்குகின்றன. மூலமற்றத்தில் உள்ள நிலத்தடி மின்நிலையத்தில் 130 மெகாவாட் திறன் கொண்ட ஆறு இயந்திரங்கள் உள்ளன. கனடா நாட்டின் உதவியோடு நிறைவேறிய இத்திட்டத்தை 1976 பிப்ரவரி 12-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்நாளிலிருந்து எண்ணினால் 2026 பிப்ரவரி 12 அதன் பொன்விழா நாள்.

இதற்கு ஒரு விழாக்குழு அமைக்கச் சொன்னால், நம் வழக்கப்படி மின்வாரியப் பொறியாளர்கள், மாவட்ட ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோர் பெயர்கள் முதலில் எழுதப்படும். அதில் பிழை இல்லை. ஆனால் அணையின் கதை பொறியாளர்களோடு தொடங்கவில்லை. மலங்கரைத் தோட்டத்தின் கண்காணிப்பாளரான டபிள்யூ. ஜே. ஜான் என்பவர் வேட்டைக்காகக் காட்டுக்குள் சென்றபோது, ஊராளிப் பழங்குடியினரின் தலைவரான கொலும்பன் என்பவர் அவருக்கு வழிகாட்டினார். குறவன், குறத்தி மலைகளுக்கு இடையே ஆறு குறுகிப் பாயும் இடத்தை அவருக்குக் காட்டியவர் கொலும்பனே. அங்கே அணை கட்டலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. கொலும்பனுக்கு அணைக்கு அருகில் நினைவிடம் இருக்கிறது. சிலைக்கு மாலை அணிவிப்பது எளிது. ஆனால் ஊராளி மக்களின் இன்றைய தலைமுறையினருக்கு விழாக்குழுவில் இடம் உண்டா, அந்த வழிகாட்டலை அவர்கள் எவ்வாறு நினைவுகூர்கிறார்கள் என்று கேட்டறிந்தவர் உண்டா என்பவையே திட்டமிடுவோர் கேட்க வேண்டிய வினாக்கள். தம் முன்னோரின் காடு நீருக்குள் போயிற்று என்றும் அவர்களுள் சிலர் சொல்லக்கூடும். அதற்கும் மேடை இருத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் உள்ளனர். உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில் மலைமேல் குடியேறிப் பயிர் செய்த உழவர்கள் ஐயப்பன்கோவில் பகுதியிலிருந்து 1961-இல் வெளியேற்றப்பட்டுக் குமுளிக்கு அருகில் உள்ள அமராவதியில் கொண்டுவிடப்பட்டனர். கொட்டும் மழையில் அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டு ஏ. கே. கோபாலன் அங்கேயே உண்ணாநோன்பு மேற்கொண்டார். அந்த வெளியேற்றமும் இத்திட்டத்தின் வரலாற்றில் ஒரு பகுதிதான். நான்காவதாக, பாறையைக் குடைந்தும் கற்காரை சுமந்தும் உழைத்த தொழிலாளர்கள். பணியின்போது உயிரிழந்தோரும் அவர்களுள் அடங்குவர்.

இந்த நான்கு சாராரையும் ஒரே மேடையில் அமர்த்தினால் பூசல் விளையும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் முற்றிலும் பொருளற்றது என்று சொல்வதற்கில்லை. எனினும் ஒரே மேடை தேவையும் இல்லை. ஒரு நாள் விழாவை ஓராண்டுக்குப் பரப்பி, வெளியேற்றப்பட்டோரின் கூட்டத்தை அமராவதியிலும், ஊராளி மக்களின் கூட்டத்தை அவர்கள் ஊரிலும், தொழிலாளர் நினைவு நாளை அணையடியிலும், பொறியியல் கண்காட்சியை மூலமற்றத்திலும் நடத்தலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லப்பட்டவற்றை எழுதித் தொகுத்து இறுதி விழாவில் அனைவர் முன்னிலையிலும் படித்தால் போதும். பிறர் சொன்னதை மறுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் நேராது. கேட்க வேண்டிய கடமை மட்டும் அனைவருக்கும் உண்டாகும்.

ஒரே அணை, இரு சரிவுகள்

இதே மாவட்டத்தில் உள்ள மற்றொரு அணையின் கதை இதினும் சிக்கலானது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப்பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த ஆற்றுநீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளையும் வளப்படுத்தியது. இப்பணியில் நோயாலும் வெள்ளத்தாலும் மாண்ட தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர்.

பென்னிகுயிக் பிறந்த நாள் 1841 ஜனவரி 15. அது பொங்கலை ஒட்டி வருவது தற்செயலே. தேனி மாவட்டத்துப் பாலார்பட்டியில் உழவர்கள் அவர் படத்தை வைத்துப் பொங்கலிட்டு வழிபடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் படம் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்டவர்களும் உண்டு. இவ்வழக்கம் ஆணையால் பிறந்ததன்று. லோயர்கேம்பில் அரசு நினைவு மண்டபம் 2013-இல்தான் எழுந்தது. மக்கள் அதற்கு முன்பே தம் வீட்டு முற்றத்தில் விழா எடுத்துவந்தனர். மக்களால் நடத்தப்படும் ஆண்டு விழாவுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தென்னாட்டில் காண்பது அரிது. அதற்குக் குழுவும் இல்லை, வரவு செலவுத் திட்டமும் இல்லை. பானையும் அரிசியும் கரும்பும் எப்படியும் அந்நாளில் வீட்டில் இருக்கும். விழா அவற்றின்மேல் ஏறி அமர்ந்துகொண்டது. புதிய விழா ஒன்றைத் திட்டமிடுவோர் மக்கள் ஏற்கெனவே கூடும் நாளையும் இடத்தையும் முதலில் தேட வேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

ஆனால் அதே அணை மேற்குச் சரிவில் வண்டிப்பெரியாறு, உப்புத்துறை போன்ற ஊர்களில் வாழ்வோருக்குத் தீராத அச்சத்தின் பெயர். உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்குகளின் வாதப் பிரதிவாதங்களுக்குள் இக்கட்டுரை புகாது. வண்டிப்பெரியாற்றுத் தோட்டங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் தமிழர் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். கிழக்கே பொங்கலிடும் உறவினரும் மேற்கே மழைக்காலத்தில் உறங்காதிருக்கும் உறவினரும் ஒரே குடும்பத்தினராக இருக்கலாம். எல்லைப்புறத்தில் கருத்து வேறுபாடு மொழியைப் பொறுத்து மட்டும் அமைவதில்லை. சரிவைப் பொறுத்தும் அமைகிறது. இத்தகைய நிகழ்ச்சிக்குக் குமுளியில் பொதுவிழா எடுக்க நினைப்பவர் அணையை விட்டுவிட்டு, அதைக் கட்டி மாண்ட தொழிலாளரிடமிருந்து தொடங்கினால் இரு சரிவினரும் உடன் வர இடமுண்டு. அவர்களை நினைவுகூர்வதில் எவருக்கும் வழக்கு இல்லை.

இரு மாநிலங்கள் கூடித் திட்டமிட முடியுமா என்று ஐயுறுவோர் மங்கலதேவி மலையைப் பார்க்கலாம். பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தின் எல்லையில் உள்ள கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, மக்களுக்குத் திறக்கப்படுகிறது. கேரளப் பகுதியிலிருந்து வருவோர் குமுளியிலிருந்து ஜீப்புகளிலும், தமிழகப் பகுதியிலிருந்து வருவோர் பளியன்குடி வழியாகக் கால்நடையாகவும் மலையேறுகின்றனர். இடுக்கி, தேனி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி, குடிநீர், மருத்துவ உதவி, வாகன அனுமதி, நெகிழிப் பொருள்களுக்குத் தடை, வனவிலங்குகளின் பாதுகாப்பு ஆகியவற்றை முடிவு செய்கின்றனர். எல்லை எங்கே என்ற வழக்கு முடியாதிருக்கும்போதே தண்ணீர்த் தொட்டி எங்கே என்பது முடிவாகிவிடுகிறது! இதனைச் சிறிய செய்தி என்று கருதலாகாது. முடிவு காண இயலாதவற்றை ஒதுக்கிவைத்து, முடிவு காண இயன்றவற்றை ஆண்டுதோறும் எழுத்தில் பதிந்துவைக்கும் வழக்கம் எல்லைப்புறத்தில் எல்லா விழாக்களுக்கும் பொருந்தும்.

கல்பாத்தியின் இரண்டு ஆண்டுகள்

பாலக்காட்டு நகரத்தின் கல்பாத்தி ஆற்றங்கரையில் உள்ள விசுவநாத சுவாமி கோயில் 1425-இல் எழுந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்படி 2025 அக்கோயிலின் 600-ஆம் ஆண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய தமிழ் அந்தணர்களின் அக்கிரகாரங்கள் கோயிலைச் சூழ்ந்துள்ளன. ஐப்பசியின் இறுதியில் நடைபெறும் தேர்த் திருவிழா கேரளம் முழுவதும் புகழ் பெற்றது. அவ்வூர் பாரம்பரியக் கிராமம் என்று போற்றிப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அதே தெருக்களுக்கு மற்றொரு நூற்றாண்டும் உண்டு. 1924-ஆம் ஆண்டுத் தேர்த் திருவிழாவின்போது அத்தெருக்களில் நடக்க முயன்ற ஈழவ மக்கள் தடுக்கப்பட்டனர். பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்கான கிளர்ச்சி அதிலிருந்து வலுப்பெற்றது. சாதித் தடையால் மனம் வெறுத்து ஆரிய சமாஜத்தில் சேர்ந்தவர்கள் அவ்வீதிகளில் நடந்து காட்டினர். இது வைக்கம் சத்தியாகிரகம் நடைபெற்ற அதே காலம் என்பது கருதத்தக்கது.

600 ஆண்டு விழா எடுப்போர் 100 ஆண்டுக்கு முந்திய இந்நிகழ்ச்சியைப் பற்றி வாய் திறக்க வேண்டுமா? தேவையில்லை, நல்ல நாளில் பழம்புண்ணைக் கிளற வேண்டாம் என்பர் சிலர். அவர்கள் எண்ணம் தீயதன்று, ஆயினும் பிழையானது. கோயிலின் பழமையை மட்டும் சொல்லித் தெருவின் கதையை மறைத்தால், அன்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றும் அவ்விழாவில் பார்வையாளர் இடமே கிடைக்கும். மேலும் அத்தெருவினருக்கும் பெருமை தரும் பகுதி அவ்வரலாற்றில் உண்டு. பாலக்காட்டுத் தமிழ் அந்தணர் குடும்பத்தில் பிறந்த டி. ஆர். கிருஷ்ணசுவாமி ஐயர் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்துக் கல்வி அளித்தார். சமபந்தி உணவில் கலந்துகொண்டதற்காகத் தம் சமூகத்தாரால் விலக்கிவைக்கப்பட்டார். காந்தியடிகள் அவ்வாசிரமத்துக்கு வருகை தந்திருக்கிறார். தெருவை அடைத்தவர்களும் அங்கிருந்தனர், தெருவைத் திறக்க இழப்பை ஏற்றவரும் அவர்களிடையே தோன்றினார் என்று சொல்லும்போது, அத்தெருவின் இளைஞர் எவரும் தலைகுனிய வேண்டியதில்லை.

வைக்கம் நூற்றாண்டு இவ்வகையில் ஒரு நல்ல முன்மாதிரி. 1924 மார்ச் 30 முதல் 1925 நவம்பர் 23 வரை நடைபெற்ற அப்போராட்டத்தில் டி. கே. மாதவன், பாலக்காட்டுத் தரூரில் பிறந்த கே. பி. கேசவ மேனன் ஆகியோருடன் தமிழகத்திலிருந்து சென்ற ஈ. வெ. ராமசாமியும் சிறைப்பட்டார். நூற்றாண்டு விழாவை 2023 ஏப்ரல் 1-இல் கேரள, தமிழக முதலமைச்சர்கள் இருவரும் வைக்கத்தில் கூடித் தொடங்கிவைத்தனர். 2024 டிசம்பர் 12-இல் அங்கே புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தையும் இருவரும் சேர்ந்தே திறந்தனர். எனினும் இவை அரசு நிலையில் நடந்தவை. பாலக்காட்டு ஊராட்சி ஒன்று தன் ஊர்ச் சாலையில் நடக்கும் உரிமை எந்த ஆண்டு எவ்வாறு கிடைத்தது என்று முதியோரைக் கேட்டுத் தொகுக்குமானால், அதுவே வைக்கம் நூற்றாண்டின் ஊர்ப் பதிப்பாகும். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கிணறு, ஒரு தெரு, ஒரு பள்ளி வாசல் இத்தகைய கதையை வைத்துக்கொண்டிருக்கிறது.

குழு, மொழி, நாள்

இனி நடைமுறைக்கு வருவோம். கேரளத்தில் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் கிராம சபை, வளர்ச்சிக் கருத்தரங்கு என்ற படிகளை ஏற்படுத்தித் தந்திருக்கிறது. 1998 முதல் குடும்பஸ்ரீ அமைப்பின் அண்டைவீட்டுக் குழுக்கள் ஊர்தோறும் பரவியுள்ளன. பழங்குடி ஊர்களில் ஊர்க்கூட்டங்கள் உள்ளன. ஆகவே விழாவுக்கென்று புதிய அமைப்பைத் தேட வேண்டியதில்லை. கருத்து கீழிருந்து மேலே செல்லும்படி பார்த்துக்கொண்டால் போதும். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபின் ஊர்க்கூட்டத்தைக் கூட்டி ஒப்புதல் கேட்பது திட்டமிடுதல் ஆகாது.

குழுவில் பெண்களின் இடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூணாற்றுத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து அவர்கள் தாமே முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம் நாடெங்கும் பேசப்பட்டது. அவர்களை விழாவில் குத்துவிளக்கேந்தி வரவேற்கும் வரிசையில் மட்டும் நிறுத்துவது பொருந்தாது. மலைத்தோட்டத்தின் நூற்றாண்டைக் கொண்டாடும் எந்தக் குழுவும் துரைமாரின் பங்களாக்களையும் 1924 வெள்ளத்தில் அழிந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் படமாக மாட்டுகிறது. லயத்தில் பிறந்து லயத்திலேயே ஓய்வுபெற்ற ஒரு பெண்ணின் கூலிச் சீட்டை மாட்டிய கண்காட்சி மிக அரிது. நான்கு தலைமுறை உழைத்தும் ஓய்வுபெற்றபின் சொந்தமாக வீடில்லாத நிலையைப் பேசாத நூற்றாண்டு விழா, தொழிலாளருக்குத் தோட்டத்தின் விளம்பரமாகவே தோன்றும்.

மொழி அடுத்தது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மாநிலத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. விண்ணப்பத்துக்குப் பொருந்துவது அழைப்பிதழுக்கும் பொருந்த வேண்டும். எல்லையோரத் தோட்டப் பகுதி ஒன்றில் நடந்த ஆண்டு விழாவைக் காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. அழைப்பிதழ் மலையாளத்தில் மட்டும் அச்சாகியிருந்தது. கொழுந்துக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஒலிபெருக்கியைக் கேட்டபின்தான் விழா நடப்பதையே அறிந்தனர். "எங்க பள்ளிக்கூடத்துக்கா விழா?" என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். அது அவர் பிள்ளைகள் படித்த பள்ளிதான். அழைப்பிதழை எழுதியவர்களிடம் பகைமை ஏதும் இருக்கவில்லை. நினைவு வராதது ஒன்றே குறை. இதற்கு மறுதலையான தவறும் நேர்கிறது. தமிழ் அமைப்புகள் நடத்தும் விழாக்களில் அவ்வூர் மலையாளிகளையும், முதுவர், இருளர் போன்ற பழங்குடியினரையும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதுவரின் பேச்சு தமிழோடு நெருங்கியது; மதுரையிலிருந்து வந்தவர்கள் தாம் என்ற மரபுச் செய்தியும் அவர்களிடம் உண்டு. அதனாலேயே அவர்களைத் தமிழர் கணக்கில் சேர்த்துவிடுவது அவர்களுக்கு இழைக்கும் தீங்காகும்.

நாளையும் இடத்தையும் முடிவு செய்வதில் தொலைவு ஒரு பெருஞ்சிக்கல். பறம்பிக்குளம் பாலக்காட்டு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆயினும் பேருந்தில் அங்குச் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழகத்தைக் கடந்தே செல்ல வேண்டும். ஊராட்சித் தலைமையிடத்தில் மாலை ஆறு மணிக்கு விழா என்றால், பறம்பிக்குளத்துக் காடர், மலசர் குடும்பங்கள் வர இயலாது; வந்தாலும் இரவு காட்டு வழியே திரும்ப இயலாது. தேவிகுளம் வட்டத்தில் 2010-இல் உருவான இடமலைக்குடி, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்குள்ள குடிகள் காட்டில் பரந்து கிடக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்துத் திட்டமிடுவதென்றால் விழாவை அங்கே கொண்டுசெல்ல வேண்டும், அல்லது பகல் உணவோடும் வண்டியோடும் முற்பகலில் நடத்த வேண்டும். தோட்டத் தொழிலாளர்க்கு ஞாயிறு தவிர வேறு நாள் என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. கொழுந்து மிகும் மாதமானால் ஊக்கத்தொகையும் போகும். இவற்றையெல்லாம் விழாச் செலவின் ஒரு பகுதியாகவே கருதி, வண்டிக்கும் உணவுக்கும் முதலில் பணம் ஒதுக்கி, எஞ்சியதில் பந்தல் போடுவது முறை. நம் குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

நன்கொடை பற்றி ஒரு சொல். பெருந்தொகை கொடுப்பவர் பெரும்பாலும் தோட்ட நிறுவனமோ வணிகரோ ஆவார். அவர் பெயர் பதாகையில் பெரிதாக வருவதைத் தடுக்க இயலாது. கண்காட்சியில் எது இடம்பெறும் என்பதை அவர் முடிவு செய்யாதவாறு தடுக்க இயலும். ஆளுக்கு ஐந்து ரூபாய் வீதம் லயம் லயமாகத் தண்டிய பணம் சிறிதாயினும், அதற்குக் கணக்குக் கேட்போர் பலர். கேட்பவர்கள் விழாவுக்கும் வருவார்கள்.

துக்க நாள்கள்

எல்லா ஆண்டு நிறைவும் கொண்டாட்டம் அன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றுக்கு அருகில் ராஜமலையின் பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். அவர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் உறவினர் கூடுகின்றனர். இந்நாளுக்கு மேடையும் வேண்டாம், கலைநிகழ்ச்சியும் வேண்டாம். கயத்தாற்றிலிருந்து வருவோர்க்கு வண்டி, மழைக்கு ஒரு கூரை, பெயர்களைப் பிழையின்றிப் படிக்க ஒருவர் ஆகியவை இருந்தால் போதும். பெயர்கள் தமிழில் இருப்பதால், மலையாளத்தில் எழுதி மீண்டும் தமிழில் படிக்கும்போது திரிந்துபோவது உண்டு. உயிரிழந்தவரின் பெயரைத் தவறாகப் படித்தால் அவருடைய தாய்க்கு அது எப்படிக் கேட்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். உறவினர் ஒருவரே படிப்பது நலம்.

ஆகஸ்ட் மாதம் அம்மலையில் மழை மிகும் காலம். கூட்டம் கூடும் இடம் சரிவுக்கு உட்பட்டதா, வழியில் மண் சரியும் இடங்கள் எவை என்று வருவாய்த் துறையிடம் கேட்டறிந்த பின்னரே நேரத்தைக் குறிக்க வேண்டும். முதியோர் மலையில் ஏற இயலாவிட்டால் மூணாற்றிலேயே ஒரு மண்டபத்தில் அதே நேரத்தில் பெயர் படிக்கும் ஏற்பாடும் தேவை.

2031-க்கு முன்

மாநிலச் சீரமைப்பின் 75-ஆம் ஆண்டு 2031 நவம்பர் 1-இல் நிறைகிறது. கேரளம் அதைச் சிறப்பாகக் கொண்டாடும் என்பதில் ஐயமில்லை. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்ப் பகுதிகளில் அந்நாளை எவ்வாறு அமைப்பது என்று இப்போதே கிராம சபைகளில் பேசத் தொடங்கலாம். 1956-இல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவருக்கு 2031-இல் 85 வயது ஆகியிருக்கும். எல்லைக் கோடு விழுந்தபோது தந்தை என்ன பேசினார், பள்ளியில் எந்த மொழிப் புத்தகம் மாறியது, பொள்ளாச்சிச் சந்தைக்கும் போடிச் சந்தைக்கும் போவது எவ்வாறு மாறியது என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருப்பவர்கள் மட்டுமே. கேரள ஊர்களில் வாசகசாலை இல்லாத ஊர் அரிது. தமிழ்ப் பயிற்றுமொழிப் பள்ளிகள் மூணாற்றிலும் பீர்மேட்டிலும் சித்தூரிலும் உள்ளன. ஒரு மாணவர் ஒரு முதியவர் என்ற கணக்கில் ஒலிப்பதிவு செய்து, சொன்னவரின் மொழியிலேயே எழுதி, வாசகசாலையில் ஒரு படியும் சொன்னவர் வீட்டில் ஒரு படியும் வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு நாள் ஒலிபெருக்கி வாடகையை விட மிகாது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் சொன்னவர் பெயர், ஊர், வயது, எந்த ஆண்டு எங்கிருந்து அவ்வூருக்கு வந்தார் என்னும் நான்கு செய்திகள் இருத்தல் வேண்டும். பின்னாளில் விழாக்குழுவுக்கு ஆட்களைத் தேடும்போது அந்தப் பதிவேட்டையே முதலில் திறக்கலாம்.